மூன்றாம் பாகத்தின் கடைசி ரீல்

தென்காசியில் சாரல் காலத்தில் பிள்ளைப்பிராயத்தைக் கழித்தவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. எதை நினைத்தாலும் அது கொஞ்சம் நனைந்தே வரும். மூன்று நாளாகக் கொடியில் கிடந்தும் காயாத பள்ளிக்கூடப் பாவாடை, உப்பு ஜாடிக்குள் தேங்கிய தண்ணீர், தொட்டால் ஒட்டும் நோட்டுத் தாள். என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் அப்படித்தானா? வெயிலில் நடந்த ஒரு காரியமாவது உங்கள் ஞாபகத்தில் இருக்கிறதா?

போன சாரலில் சித்தியும் நானும் ஒரு படம் பார்த்தோம். பழைய ஆங்கிலப் படம். மூன்று பாகமாக வந்த ஒரு விண்வெளிக் கதையின் கடைசிப் பாகம். அந்தக் காலத்தில் அதற்காக உயிரை விட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. பெயரைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் அதே படத்தைத் தென்காசித் தியேட்டரில் நாங்கள் இருவரும் மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் முடிவைப் பார்க்காமல் வந்தோம். அந்த முடிவுக்காகச் சித்தி அழிந்தாள் என்றும், அழித்தவள் நான்தான் என்றும் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா ராணுவத்தில், வடக்கே எங்கேயோ ஒரு பனிமலையில். அம்மாவும் நானும் மாமா வீட்டில். மாமா அம்மாவுக்கு அண்ணன். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தார். வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்பே வெங்காயச் சருகு வாடை நுழையும். அந்த வாடை வந்தால் வானொலியின் சத்தம் குறையும், பெண்களின் பேச்சும் குறையும். கெட்டவர் இல்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காய் கொண்டுவந்து தருவார், பொம்மை தருவதுபோல. ஒருநாள் இரட்டையாக ஒட்டிப் பிறந்த கத்திரிக்காய்.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. இருபத்தொரு வயது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி இயற்பியல் படித்துவிட்டு அந்த வருடம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த வாரமே ஆய்க்குடியில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மேலே படிக்க வேண்டும் என்று சித்தி சொன்னதை யாரும் மறுக்கவில்லை. காதில் வாங்கவுமில்லை.

விடுதித் தோழிகளோடு திருநெல்வேலிக்குப் போய் முதல் இரண்டு பாகங்களையும் சித்தி பார்த்திருந்தாள். துணி மடிக்கும்போது எனக்கு அந்தக் கதையைச் சொல்லுவாள். வெளியே தூறல் விழுந்தபடி இருக்கும். ஒரு பெண் கப்பல் தலைவி. கடல் கப்பல் இல்லை, வானத்தில் போகிற கப்பல். பாய்மரம் மாதிரி வெள்ளி நிறத்தில் பெரிய பெரிய இறக்கைகள் அதற்கு உண்டு. ஊதா நிறத்தில் மழை பெய்கிற ஒரு கோளை விட்டு அவர்கள் புறப்படுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் கப்பலுக்கு வெளியே வந்து ஏதோ பழுது பார்க்கும்போது தலைவியின் கயிறு அறுந்துவிடுகிறது. இருட்டில் அவள் மிதந்து போகிறாள். கப்பல் சிறிதாகிக்கொண்டே போகிறது. படம் முடிந்துவிட்டது.

"அப்புறம் சித்தி?"

"அப்புறம் மூணாம் பாகத்துலதான் தெரியும்."

"வீட்டுக்கு வந்துருவாளா?"

"அதாம்ட்டி எனக்கும் தெரியணும்."

நான் பல நாள் அந்தப் பெண்ணோடு மிதந்தேன். மாமா வீட்டு மாடி அறையில் படுத்தால் ஓட்டின் மேல் சாரல் விழுவது நட்சத்திரங்கள் உரசும் சத்தம் என்று நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் கட்டில் மெல்லக் கிளம்பும். மேற்கே மலை, அதற்கு மேல் மேகம், அதற்கும் மேலே கறுப்பு. கயிறு இல்லை.

சீசன் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க் கூட்டத்துக்காகத் தென்காசித் தியேட்டரில் காலைக் காட்சியாக ஆங்கிலப் படம் போடுவார்கள். ஆனி மாதக் கடைசியில் சுவரில் அந்த மூன்றாம் பாகத்தின் விளம்பரத்தாள் ஒட்டியிருந்தது. பசை மழையில் கரைந்து, கப்பலின் இறக்கை ஒன்று கழன்று தொங்கியது. சித்தி அதன்முன் நின்ற நிலையை இப்போதும் பார்க்கிறேன். குடை அவள் கையில் இருந்தது. ஆனால் விரிக்கவில்லை.

முதல் முறை, தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். அந்தத் தியேட்டரின் வாசனை உங்களில் தென்காசிக்காரர்களுக்கு மறக்காது. அருவியில் குளித்துவிட்டு நேராக வந்தவர்களின் எண்ணெய்த் தலை, ஈரத் துண்டு, நேந்திரங்காய் வறுவல், யாரோ உரித்துப் போட்ட மங்குஸ்தான் தோல். பெண்கள் பகுதியில் நாங்கள் ஆறு பேர்தான் இருந்தோம். மேலே தகரக் கூரையில் மழை கொட்டியதால் திரையில் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. தலைவி உயிரோடுதான் இருந்தாள். கண்ணாடி மாதிரி ஒரு பனிக்கட்டிக்குள் அவளை யாரோ கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சமும் இருட்டும்தான். நான் சித்தியின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். தலைவி கப்பலின் கதவடியில் வந்து நிற்கிறாள், கையை நீட்டுகிறாள். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்பி வருவதற்குள் அடுத்த காட்சிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. சீசனுக்காக ஒரு மணிக்கே தமிழ்ப் படம் ஆரம்பிப்பார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை, தைத்த ரவிக்கையை வாங்கப் போகிறோம் என்று போனோம். அன்று படம் அதே இடத்துக்கு வந்தபோது தலைவியின் முகத்தின் நடுவே பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அது பூப்போல விரிந்தது. ஓரமெல்லாம் குமிழி குமிழியாகப் பொங்கி, முகம் முழுவதும் உருகி, திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. ரீல் கருகிவிட்டது என்று பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். எனக்கோ அது படத்தின் பகுதியென்றே தோன்றியது. அவ்வளவு அழகாக ஒரு பொருள் எரிந்து நான் பார்த்ததில்லை.

சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கவாட்டில் ஒரு இரும்புப் படி இருந்தது. அதில் ஏறி மிஷின் ரூமுக்கே போய்விட்டாள். ஆபரேட்டர் பனியனோடு உட்கார்ந்து ரீலை ஒட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையைத் தேடினார்.

"மிச்சத்தப் போட மாட்டீங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"ஒட்டிட்டேம்மா. ஆனா கீழ ஒரு மணி ஷோவுக்கு ஆளு நிக்கி. கடைசி ரீல வெட்டிப் போடுங்கிறாரு முதலாளி. நேத்துகூட அதுக்குத்தான் அவருகிட்ட சண்ட. மூணு பாகம் பாத்துட்டு வாரவன் முடிவப் பாக்காமப் போனா நம்மளத்தான ஏசுவான்?"

இரண்டு பெரிய கறுப்பு இயந்திரங்கள் அங்கே நின்றன. ஒன்றின் வயிற்றுக்குள் கார்பன் குச்சி நீல வெளிச்சத்தோடு இன்னும் கனன்றது. அவர் என்னைத் தூக்கி ஒரு ஸ்டூலில் நிறுத்திச் சின்னச் சதுரத் துவாரம் வழியாகப் பார்க்கச் சொன்னார். கீழே வெகு தூரத்தில் வெள்ளைத் திரை. அதன் முன் மனிதர்கள் எறும்புபோல எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து பூமியைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இறங்கும்போது கருகிய இடத்தில் வெட்டிய ஒரு துண்டுப் படச்சுருளை என் கையில் கொடுத்தார். நான்கு கட்டம். நான்கிலும் தலைவி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கண்டிப்பா வாங்கம்மா," என்றார் சித்தியிடம். "யாரு என்ன சொன்னாலும் கடைசி ரீல் ஓடும்."

மறுநாள் போனோம். அன்றைக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. மாடியிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டி, நடந்துவிட்டோம். இடைவேளை தாண்டி, பனிக்கட்டி தாண்டி, கப்பல் கதவு திறக்கிற நேரத்தில் பக்கத்து நடைபாதையில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்கு வெங்காயச் சருகு வாடை வந்துவிட்டது. மாமா எங்கள் வரிசை முனையில் வந்து நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சித்தி எழுந்தாள். கதவருகே போகும்வரை திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டில் சித்தியை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். மாமாவின் குரலும் சித்தியின் குரலும் உயர்ந்து உயர்ந்து அடங்கின; மாடியில் இருந்த எனக்குச் சாரல் சத்தத்தில் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். படச்சுருள் துண்டை நான் ஒளித்துவைத்திருந்த ஜியாமெட்ரி பெட்டி திறந்திருந்தது. மாமா அந்த நான்கு கட்டத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இத யாரு குடுத்தா?"

"மிஷின் ரூம் மாமா."

"மாமாவா?" அவர் அம்மாவைப் பார்த்தார். "சித்தி அவங்கிட்ட பேசுனாளா?"

"பேசுனா."

"அவன் என்ன சொன்னான்?"

"நாளைக்குக் கண்டிப்பா வாங்கன்னாங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்ன பிள்ளைபோல நிமிர்ந்து நின்றேன். அம்மா அந்தத் துண்டை வாங்கிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். அது சுருண்டு, நெளிந்து, ஒரு கெட்ட நாற்றத்தோடு போய்விட்டது.

மறுநாள் காலை மாமா மண்டி டெம்போவில் இரண்டு சுமைதூக்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்த்தேன். முகத்தைத் துண்டால் கட்டியிருந்தார்கள். மழைக்காக என்று நினைத்தேன். டெம்போவின் பின்பலகையில் முட்டைக்கோஸ் இலை ஒன்று ஒட்டியிருந்தது. மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். மாமா அந்தத் தூறலிலும் கிணற்றடியில் நின்று வெகுநேரம் குளித்தார். அம்மா அவருடைய வலது கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டார் என்றாள். தியேட்டரில் நான்கு நாள் காலைக் காட்சி இல்லை. ஆபரேட்டருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது, ஊரைவிட்டே போய்விட்டார் என்று எங்கள் வீட்டு வேலைக்கார அக்கா சொன்னாள்.

ஆய்க்குடிச் சம்பந்தம் முறிந்தது. வீட்டுக்குள் பேசிய பேச்சு எப்படி அந்த ஊருக்குப் போனதோ தெரியவில்லை, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா சித்தியோடு பேசுவதை நிறுத்தினார். அம்மாதான் கடைசியில் வழி சொன்னாள்: "கொஞ்ச நாளு ஊரு கண்ணுல படாம இருக்கட்டும். நாகர்கோவில்ல பி.எட். சேத்துவிடுவோம்." சாரல் நிற்கிற சமயத்தில் சித்தி ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். நான் கையசைத்தேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையசைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பார்வை என்னோடு இருக்கிறது. சித்தி ஆசிரியை ஆனாள், தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டாள், தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டாள். நல்லது கெட்டதில் சந்திப்போம். என்னிடம் எப்போதும் பிரியமாகத்தான் பேசுவாள். எனக்குத்தான் அவள் முகத்தை நேரே பார்க்க முடியாது. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் கெட்டிருக்காது, ஒரு மனிதனின் கை முறிந்திருக்காது. இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவும் போய்விட்டாள். மாமாவும் போய்விட்டார்.

போன ஆனியில் சித்தி போன் செய்தாள். "பையன் பெரிய டி.வி. வாங்கி மாட்டிட்டுப் போயிருக்காம்ட்டி. அதுல அந்தப் படம் இருக்கு. மூணாம் பாகம். வாறியா?"

திருநெல்வேலியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம். வெளியே சாரல். மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திரை. சித்தி வறுவலைத் தட்டில் கொட்டிவைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு புத்திமதி: சின்ன வயதில் பார்த்து மயங்கிய படத்தைத் திரும்பப் பார்க்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் நல்ல துணையோடு பாருங்கள். வெள்ளி இறக்கை என்று நான் கனவு கண்டது பரிசுப் பெட்டி சுற்றுகிற ஜரிகைத் தாள். கப்பலைத் தூக்கிப் பிடித்த நூல் தெளிவாகத் தெரிந்தது. ஊதா மழை யாரோ பூவாளியால் ஊற்றியது. இருந்தாலும் பத்து நிமிடத்தில் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இருட்டில் மிதக்கிற அந்தப் பெண் முகத்தில் மட்டும் பொய் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தூறல், உள்ளே நட்சத்திரங்கள். சோபா மெல்லக் கிளம்பியதுபோல இருந்தது.

கப்பல் கதவு திறந்தது. தலைவி கையை நீட்டினாள். இந்த முறை கரண்ட் போகவில்லை, ரீல் கருகவில்லை, யாரும் டார்ச் அடிக்கவில்லை. ஒரு கை அவளைப் பற்றி உள்ளே இழுத்தது. அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான் படம். கப்பல் ஊருக்குத் திரும்பியது. பெரிய மண்டபம், பூ, மேளதாளம் மாதிரி ஏதோ. தலைவி கவசத்தைக் கழற்றிவிட்டு வெள்ளை உடை உடுத்தி, யாரோ ஒரு படைத்தலைவனின் கையைப் பிடித்து நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

சித்தி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"அடப்பாவியளா! கடைசில இவளுக்கும் கல்யாணத்தப் பண்ணி வச்சுட்டானுவளே! இதுக்கா நம்ம மூணு மட்டம் போனோம்?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஜியாமெட்ரி பெட்டி, மாமா கேட்டது, நான் சொன்னது. "நாந்தான் சித்தி உங்கள மாட்டிவிட்டேன்," என்றேன்.

அவள் சத்தத்தைக் குறைத்தாள். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ சொன்னது ரெண்டாவதுட்டி," என்றாள். "மொதல்ல சொன்னது நான்."

எனக்குப் புரியவில்லை.

"உள் ரூம்ல வச்சு அண்ணன் கேட்டாம்லா, எதுக்கு மூணு நாளு போனேன்னு. முடிவு பாக்கப் போனேன்னு சத்தியம் பண்ணிச் சொன்னேன். நம்புனானா? படிக்கணும்னு ஆறு மாசமா சொன்னேன். அத கேட்டாவளா? சரி, இவங்க நம்புத மாதிரி ஒண்ணச் சொல்லுவோம்னு தோணிச்சு. 'ஆமா, எனக்கு ஒரு ஆளு உண்டு'ன்னு சொல்லிட்டேன். ஆய்க்குடிக்காரங்க காதுக்குப் போனா அதோட நின்னுரும்லா. போவட்டும்னுதான் அடுத்த வீட்டுக்குக் கேக்குத மாதிரி கத்திச் சொன்னேன். பேரு சொல்லல. எந்தப் பேரச் சொல்ல? ஆளே கெடையாதே."

வறுவல் தட்டை அவள் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"பேர நீ குடுத்துட்ட."

நாற்பது வருடமாக முதுகில் கிடந்த பாரம் இறங்குவதற்குப் பதிலாக இடம் மாறி உட்கார்ந்தது. அவள் பிழைத்துவிட்டாள். அவள் தேடிய வழி அவளுக்குக் கிடைத்துவிட்டது. நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சொன்ன சொல் சேர்ந்து, எங்களுக்கு ஒரு ரீலைப் போட்டுக்காட்ட முதலாளியோடு சண்டை போட்ட மனிதனின் மணிக்கட்டில் விழுந்திருந்தது.

"பஸ்ல போவும்போது ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இந்தப் பிள்ள தலையில இத ஏத்திட்டுப் போறோமேன்னு. எறங்கி வந்து சொல்லத் தைரியம் இல்ல."

"அவர அப்புறம் பாக்கலியா?"

"பாத்தேன். செங்கோட்டையில வேல பாக்கும்போது அவரு மக எங்கிட்ட ஒம்பதாங்கிளாசு. கையெழுத்துப் போட வந்தாரு. எடது கையால போட்டாரு. என்னைய அடையாளம் தெரியல. நான் சொல்லல. ஒரு வருசம் அந்தப் பிள்ளைக்கு வீட்ல வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். அதுக்குப் பேரு என்னன்னு நீயே சொல்லு."

நான் டி.வி.யை அணைத்தேன். "அவரப் பாக்கப் போவோமா சித்தி?" என்றேன். அவள் அதற்காகவே காத்திருந்ததுபோல உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

செங்கோட்டையில் அவர் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. கதவைத் திறந்தவர் ஒடிசலான கிழவர். வலது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது. சித்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "டீச்சரா! வாங்க டீச்சர், வாங்க. ஒங்க பேரச் சொல்லாத நாளு கெடையாது என் மக." இடது கையாலேயே இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். மருமகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். அந்த உபசாரம் முடிகிறவரை சித்தியால் வாய் திறக்க முடியவில்லை. காப்பி வந்தது. அவள் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாகவும் எதையும் சேர்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "கூட ஒரு சின்னப்பிள்ள வருமே."

"நாந்தான்."

"ஸ்டூல்ல ஏத்திவிட்டேன்."

"ஆமா."

ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வசவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தோம். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்போ முதலாளி இல்லையா?"

"எந்த முதலாளி?" என்றாள் சித்தி.

"தியேட்டர் முதலாளி. முந்தின நாளுதான அவரோட பெரிய சண்ட, கடைசி ரீல வெட்ட மாட்டேன்னு. மறுநாளு மூஞ்சியக் கட்டிக்கிட்டு மூணு பேரு வாறான். இனிமே இந்தத் தியேட்டர் பக்கம் ஒன்னப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அடிக்கான். வேற ஒரு வார்த்த சொல்லல. நான் யாரன்னு நெனப்பேன்? அவருதான் ஆளு விட்டுட்டாருன்னுல்லா இருந்தேன்." அவர் மடங்கிய மணிக்கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, டீச்சர். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். வேலைக்கு வரச் சொல்லி ரெண்டு தடவ ஆளனுப்புனாரு. போவல. எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சதே அந்த மனுசன். அவரு மவுத்தாயி அடக்கம் பண்ணுனப்ப ஊரே கூடிப் போச்சு. நான் இந்த வாசல விட்டு எறங்கல."

தன் தங்கையின் பெயர் வெளியே வரக்கூடாது என்று மாமா காரணம் சொல்லாமல் அடித்தார். அந்தக் கௌரவத்தின் விலை இங்கே வந்து விழுந்திருந்தது. சித்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் எழுந்து ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார். "காருல எடம் இருக்கா? தென்காசி வரைக்கும் வரணும்."

பள்ளிவாசலுக்குப் பின்னால், முதலாளியை அடக்கம் செய்திருந்த மையவாடி வாசலில் நிறுத்தச் சொன்னார். அங்கே இருந்த ஆளிடம் இடத்தைக் கேட்டு விசாரித்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். கல்லறைகளின் தலைமாட்டில் நட்ட மீசான் கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே அவர் ஒரு இடத்தில் நின்று குடையை மடக்குவது தெரிந்தது. சாரலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. பேசினாரா, அழுதாரா தெரியவில்லை. கால்மணி நேரம் இருக்கும்.

திரும்பி வந்தவரிடம் சித்தி, "எங்க மேல கோவம் இருக்குமே அண்ணாச்சி," என்றாள்.

"இருக்கு. இல்லாம எங்க போவும்?" என்றார். "நாப்பது வருசமா அதத் தப்பான வீட்டு வாசல்ல கொண்டு போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பமாவது சரியான விலாசம் தெரிஞ்சுதே."

திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, "வேண்டாம், பஸ்ல போயிக்கிடுதேன்," என்று நடந்துவிட்டார். எதிர்ப்பக்கம் செங்கோட்டை பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சித்தி எனக்குப் போன் செய்தாள். தனியாகச் செங்கோட்டைக்குப் போயிருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. டீச்சர்னு கூப்பிடல. உக்காரவும் சொல்லல."

"அப்புறம்?"

"கதவத் தொறந்தாருட்டி," என்றாள் சித்தி. "நான்தாம்னு ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் தொறந்தாரு."